பேட்ஜின் முதுகைப் பாருங்கள்: பெங்களூரில் பழைய ராணுவச் சின்னங்கள் சேகரிக்க ஒரு முழு வழிகாட்டி

எங்கள் தாத்தா விட்டுப்போன பிஸ்கட் டப்பாவில் ஏழு சாமான்கள் இருந்தன. நாலு பித்தளைப் பட்டன், ஒரு விசில், ஒரு பழைய ரேஷன் கார்டு, அப்புறம் சட்டைத் தோளில் குத்தும் வளைந்த பித்தளை எழுத்து ஒன்று. அந்த எழுத்தைப் பாட்டி ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் புளி போட்டுத் தேய்ப்பார். "தங்கமா மின்னுது பாரு" என்று பெருமையாகக் காட்டுவார். மின்னத்தான் செய்தது. ஆனால் நாற்பது வருடப் புளியில் எழுத்துகளின் விளிம்பெல்லாம் கரைந்து, பயன்படுத்திய சோப்புத் துண்டு மாதிரி வழவழவென்று ஆகிவிட்டது. பாட்டியின் புளி எட்டாத இடம் அதன் பின்பக்கம்தான். அங்கே இரண்டு செம்பு வளையங்கள். ஒன்று எப்போதோ உடைந்து, யாரோ ஈயம் வைத்துப் பற்றவைத்திருக்கிறார்கள். முன்பக்கத்தைப் பார்த்தால் ஒரு ரெஜிமென்ட்டின் பெயர். திருப்பினால் ஒரு ஆளின் வாழ்க்கை. நான் சேகரிக்க ஆரம்பித்தது அந்தப் பற்றைப் பார்த்துத்தான்.

பெங்களூரில் இருக்கும் தமிழர்களுக்கு இந்தப் பொழுதுபோக்கு கொஞ்சம் சுலபமாகவே வாய்க்கும். 1809-இல் கண்டோன்மென்ட் வந்ததிலிருந்து இந்த ஊரில் பட்டாளம் இருக்கிறது, பட்டாளத்தோடு தமிழும் இருக்கிறது. அல்சூரில் இருக்கும் எம்.இ.ஜி., அதாவது பழைய மதராஸ் சாப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் படை, 1780-இல் தன் கதையைத் தொடங்கியது. அந்தப் படையின் ஜவான்களுக்கு இன்றுவரை செல்லப்பெயர் 'தம்பி'. அல்சூர், மர்ஃபி டவுன், ஆஸ்டின் டவுன், சிவாஜி நகர் பக்கம் பத்துப் பழைய வீட்டுக்குள் நுழைந்தால், ஒன்றிலாவது பீரோவுக்கு மேல் ஒரு தகரப் பெட்டி இருக்கும். அதை எப்படித் தேடுவது, எப்படிச் சோதிப்பது, எப்படிக் கெடுக்காமல் வைத்திருப்பது என்பதைத்தான் இங்கே வரிசையாகச் சொல்லப்போகிறேன்.

படி 1: வட்டத்தைச் சின்னதாகப் போடுங்கள்

'ராணுவ பேட்ஜ் சேகரிக்கிறேன்' என்று மொத்தமாக இறங்கினால் ஆறு மாதத்தில் ஒரு ஷூ டப்பா நிறையக் குப்பை சேரும். நான் சேர்த்திருக்கிறேன். ஒரே ஒரு தலைப்பை எடுத்துக்கொள்வது நல்லது.

பெங்களூர்க்காரருக்கு இயல்பாக அமையும் தலைப்புகள் சில உண்டு. முதலாவது மதராஸ் சாப்பர்ஸும் மதராஸ் ரெஜிமென்ட்டும். ரெஜிமென்ட்டின் மையம் நீலகிரி வெலிங்டனில். கேடயம், குறுக்கே இரண்டு வாள், நடுவே யானை என்று அதன் சின்னம். அந்த யானை 1803-இல் நடந்த அசாயே போரின் நினைவு. இரண்டாவது, இந்த ஊரில் பயிற்சி மையம் வைத்திருக்கும் மற்ற படைகள்: ஏ.எஸ்.சி. (ஆர்மி சர்வீஸ் கோர், சப்ளை பிரிவு), பயனியர் கோர், மிலிட்டரி போலீஸ், பாராசூட் ரெஜிமென்ட். மூன்றாவது மைசூர் சமஸ்தானப் படை. இருதலைப் பறவையான கண்டபேருண்டம் போட்ட பித்தளையை ஒரு தடவை கையில் வாங்கிப் பார்த்தால் அப்புறம் கீழே வைக்க மனசு வராது. மைசூர் லான்சர்ஸ் 1918 செப்டம்பர் 23 அன்று ஹைஃபாவில் சண்டை போட்ட குதிரைப்படை, ஜே.சி. நகரில் அவர்களுக்கு நினைவுத்தூண் இருக்கிறது. நான்காவது, இரண்டாம் உலகப்போரின் துணி பேட்ச்கள்: 4ஆவது இந்திய டிவிஷனின் செங்கழுகு, 17ஆவதின் கறுப்புப் பூனை, 19ஆவதின் குத்துவாள். யுத்த காலத்தில் ஹெச்.ஏ.எல். தொழிற்சாலை அமெரிக்க விமானப்படையின் பழுதுபார்க்கும் டிப்போவாக இருந்ததால், சீனா-பர்மா-இந்தியா களத்தின் அமெரிக்க பேட்ச்களும் இங்கே அவ்வப்போது தலைகாட்டும்.

புதிதாக வருபவர்களுக்கு நான் சொல்வது: தொப்பி பேட்ஜை விடுங்கள், ஷோல்டர் டைட்டிலில் ஆரம்பியுங்கள். அதுதான் தோளில் குத்தும் எழுத்து. காரணம் இருக்கிறது. வெள்ளைக்காரன் காலத்தில் தலைப்பாகை கட்டிய சிப்பாய் பெரும்பாலும் தலையில் பேட்ஜ் குத்தவில்லை. அவன் எந்தப் படை என்று சொன்னது தோளில் இருந்த எழுத்துதான். ஆகவே நம்மூர் வீடுகளில் உண்மையாகவே கிடைப்பதும் அதுதான். தொப்பி பேட்ஜுக்கு ஆசைப்படுபவர்கள் அதிகம்; ஆசை இருக்கும் இடத்தில் போலி அதிகம்.

படி 2: பையில் போட வேண்டியவை

பத்து மடங்கு பெரிதாக்கும் நகைக்கடை லென்ஸ், சின்னக் காந்தம், பாக்கெட் தராசு, ஒரு ஸ்கேல், நீல ஒளி அடிக்கும் யு.வி. டார்ச், நோட்டுப் புத்தகம். மொத்தமாகவே ஒரு நல்ல பேட்ஜ் விலைக்குள் முடிந்துவிடும். பித்தளை, செம்பு, நிக்கல் கலந்த வெள்ளை உலோகம் எதுவும் காந்தத்தில் ஒட்டாது. ஒட்டினால் உள்ளே இரும்பு, மேலே முலாம். பின்பக்க ஊசி மட்டும் இரும்பாக இருக்கலாம், அதை வைத்து முடிவு கட்டாதீர்கள்.

படி 3: வயதைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

முதலில் கிரீடம். 1901-இல் விக்டோரியா ராணி இறந்த பிறகு 1952 வரை நாலு ராஜாக்கள் காலத்தில் பேட்ஜுகளில் வந்தது 'ராஜா கிரீடம்'. அதன் மேல்வளைவு குன்று மாதிரி உருண்டு எழும்பும். எலிசபெத் வந்த பிறகு, 1953 வாக்கிலிருந்து வந்த 'ராணி கிரீடம்' நடுவில் பள்ளம் விழுந்து இரண்டு தோள் தூக்கினாற்போல் இருக்கும். இந்தியா 1950 ஜனவரி 26-இல் குடியரசாகி, கிரீடத்தை எடுத்துவிட்டு அசோகர் சிங்கத்தை வைத்துவிட்டது. அப்படியென்றால் எலிசபெத்தின் கிரீடம் போட்ட இந்திய ரெஜிமென்ட் பேட்ஜ் என்று ஒன்று இருக்கவே முடியாது. ஆனாலும் அது கடைக்கு வருகிறது! பிரிட்டிஷ் பேட்ஜின் படத்தைப் பார்த்து வார்த்தவனுக்கு இந்த வித்தியாசம் தெரியாது. விக்டோரியா காலத்துக் கிரீடம் இந்த இரண்டிலும் சேராத தனி உருவம். அதை அருங்காட்சியகத்தில் நேரில் பார்த்துப் பழகிய பிறகு வாங்குங்கள்.

அப்புறம் எழுத்து. இதில்தான் சுவாரசியம். ஒரு வியாபாரி என்னிடம் மதராஸ் சாப்பர்ஸ் பேட்ஜ் ஒன்றை நீட்டி, "விக்டோரியா மகாராணி பேரே இருக்கு சார், அந்தம்மா இருக்கும்போது செஞ்சது" என்றார். பேர் இருந்தது உண்மைதான். ஆனால் அந்தப் படை 'விக்டோரியா மகாராணியின் சொந்த' என்ற அடைமொழியைப் பெற்றது 1911-இல், ராணி இறந்து பத்து வருடம் கழித்து. அதற்கு முன்னால் வெறும் 'மகாராணியின் சொந்த' தான். 'விக்டோரியா மகாராணியின் சொந்த மதராஸ் சாப்பர்ஸ் அண்டு மைனர்ஸ்' என்ற முழு நீளப் பெயர் 1923-இல் வந்தது. ஆக, விக்டோரியா பெயர் இருப்பதே அது விக்டோரியா காலத்தது அல்ல என்பதற்கு அத்தாட்சி. பொருள் அசலாக இருந்தும் கதை பொய்யாக இருக்கலாம். கதைக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

பெயர் மாறிய வருடங்களை நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். உதாரணத்துக்கு, தரைப்படையின் சப்ளை பிரிவு 1923-இலிருந்து ஐ.ஏ.எஸ்.சி., 1935-இலிருந்து முன்னால் ஒரு 'ராயல்' சேர்ந்து ஆர்.ஐ.ஏ.எஸ்.சி., 1950-க்குப் பிறகு வெறும் ஏ.எஸ்.சி. ஒரு எழுத்து கூடிக் குறைவதிலேயே வயது தெரிந்துவிடும். ராயல் இந்தியன் ஏர்ஃபோர்ஸ் என்ற பெயர் 1945-இலிருந்து 1950 வரைதான். 'ராயல்' என்று எங்கே கண்டாலும் குடியரசுக்கு முன்னால் என்று வைத்துக்கொள்ளலாம். பிரிகேட் ரோடு முனையில் தினமும் ஆயிரம் பேர் கடந்துபோகும் போர் நினைவுத்தூண் மதராஸ் பயனியர்களுடையது. அந்தப் படை 1933-இல் கலைக்கப்பட்டுவிட்டது. இரண்டாம் உலகப்போரில் எழுந்த பயனியர் கோர் வேறு. 'பயனியர்' என்ற ஒரு சொல்லைப் பார்த்து இரண்டையும் குழப்பிக்கொண்டவர்களில் நானும் ஒருவன்.

ஸ்டாருக்கும் இதே கணக்குதான். பிரிட்டிஷ் கால அதிகாரியின் தோளில் இருந்தது 'பாத்' என்ற பிரிட்டிஷ் விருதின் வடிவத்தில் அமைந்த நட்சத்திரம். நடுவில் வட்டம், அதற்குள் குட்டிக் குட்டிக் கிரீடங்கள். குடியரசான பிறகு வந்தது ஐந்து முனை நட்சத்திரம், கிரீடம் இருந்த இடத்தில் சிங்கம். ஆனால் தேதி மாறிய மறுநாளே எல்லாரும் மாற்றிக்கொண்டார்கள் என்று நினைக்க வேண்டாம். ஸ்டோரில் இருந்த பழைய சரக்கு தீரும்வரை ஓடியிருக்கும். ஒரே சட்டையில் பழைய பட்டனும் புதிய ஸ்டாரும் இருந்தால் உடனே போலி என்று கத்திவிடாதீர்கள்.

படி 4: திருப்பிப் பாருங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரு பகுதியைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். போலி செய்பவன் தன் திறமையையெல்லாம் முன்பக்கத்தில் செலவழிக்கிறான். பின்பக்கத்துக்கு வரும்போது அவனுக்கு அலுத்துவிடுகிறது.

பழைய பேட்ஜுகள் பெரும்பாலும் அச்சில் வைத்து அடித்தவை. தகட்டை இரண்டு அச்சுக்கு நடுவே வைத்து அழுத்துவார்கள். அதனால் முன்னால் யானை மேடாக இருந்தால் பின்னால் அதே யானை பள்ளமாக இருக்கும். விளிம்பு கூர்மை, மேற்பரப்பு இறுக்கம். வார்ப்பில் செய்தது வேறு மாதிரி: பின்பக்கம் தட்டையாகவோ சொரசொரப்பாகவோ இருக்கும், லென்ஸில் பார்த்தால் இட்லியின் முதுகு போலச் சின்னச் சின்னக் குழிகள். இறகின் கோடு, எழுத்தின் முனை எல்லாம் ஜுரம் வந்தவன் மாதிரி சோர்ந்திருக்கும். கனமும் அளவும் மாறும். அசலிலிருந்து அச்சு எடுத்து வார்த்தால் உலோகம் ஆறும்போது கொஞ்சம் சுருங்கும். அதனால்தான் ஸ்கேல். அரை மில்லிமீட்டர் குறைந்தாலும் சந்தேகம் வர வேண்டும்.

இங்கே ஒரு திருகல் உண்டு. வெளிநாட்டுப் புத்தகம் படித்துவிட்டு வருபவர்கள் தடுக்கி விழுவது இதில்தான். 'வார்ப்பு என்றால் போலி' என்பது இங்கிலாந்து பேட்ஜுகளுக்குச் சரி. இந்தியாவில் யுத்த காலத்தில் கப்பல் சரக்கு தாமதமாகும்போது கண்டோன்மென்ட் பஜாரில் இருந்த கன்னான்கள் மணலில் வார்த்துக் கொடுத்தார்கள். அதைச் சிப்பாய் குத்திக்கொண்டு பர்மாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் போனான். சேகரிப்பவர்கள் அதை 'பஜார் மேக்' என்பார்கள். கரடுமுரடாக இருந்தாலும் அது அசல்தான். அப்படியென்றால் பஜார் மேக்கையும் போன மாதம் வார்த்ததையும் எப்படிப் பிரிப்பது? தேய்மானத்தை வைத்துத்தான். உண்மையில் குத்திக்கொண்ட பேட்ஜில் மேடான இடம் மட்டும் தேயும்: யானையின் நெற்றி, கிரீடத்தின் உச்சி, எழுத்தின் மேல் முகம். குழிக்குள் இருக்கும் உலோகம் பழைய நிறத்தில் அப்படியே இருக்கும். போலியில் தேய்மானம் எல்லா இடத்திலும் சமமாக இருக்கும். டிரம்மில் போட்டு உருட்டியிருப்பார்கள், அல்லது அமிலத்தில் முக்கியிருப்பார்கள். மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பாருங்கள். வெட்கப்படாதீர்கள். புது அமில வாசனையும் குழிக்குள் தடவிய கறுப்பு ஷூ பாலிஷின் வாசனையும் தெரிந்துவிடும்.

அப்புறம் பிடிமானம். பேட்ஜைத் துணியில் நிறுத்துவதற்கு நாலைந்து வழிகள் உண்டு. இரண்டு பக்கமும் செம்பு வளையம், அதற்குள் நுழைக்கும் பிளவு ஊசி என்பது ஒன்று. தொப்பி மடிப்பில் செருகும் நீள நாக்கு ஒன்று. அதை ஸ்லைடர் என்பார்கள். புடவை ஊசி போன்ற புரூச் ஊசி, திருகாணியும் நட்டும், இரண்டு முள்ளும் பட்டாம்பூச்சிப் பிடியும் என்று மற்றவை. இந்தப் பட்டாம்பூச்சிப் பிடி இரண்டாம் உலகப்போர் காலத்தில் அமெரிக்காவில் பரவியது. 1920-களின் இந்திய பேட்ஜ் என்று சொல்லி அந்தப் பிடியோடு ஒன்றைக் காட்டினால் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

வளையமும் பிளவு ஊசியும் நம்மூரில் ஏன் அவ்வளவு அதிகம் என்று கேட்டால், காரணம் வண்ணான் துறை. காக்கிச் சட்டை வாரத்தில் இரண்டு மூன்று தடவை துவைக்கப் போகும். பித்தளையோடு கல்லில் அடிக்க முடியாது. ஊசியை உருவினால் பேட்ஜும் பட்டனும் கையோடு வந்துவிடும். அப்படித் தினமும் உருவிச் செருகியதில் வளையத்தின் உட்புறம் ஒரு பக்கமாகத் தேய்ந்து நூலாகியிருக்கும். என் தாத்தாவின் வளையம் உடைந்தது இப்படித்தான். இந்தத் தேய்மானத்தைப் போலிக்காரன் இதுவரை செய்து நான் பார்த்ததில்லை. வளையம் புதிதாக, வட்டம் குறையாமல், பற்றவைத்த ஈயம் பளபளவென்று இருந்தால், 'ஆப்பிரிக்கா போய் வந்தது' என்ற கதையை நம்பாதீர்கள்.

பின்னால் தயாரிப்பாளர் பெயர் இருந்தால் சந்தோஷப்படுவதற்குப் பதில் உஷாராகுங்கள். பர்மிங்காமின் ஜே.ஆர். காண்ட், லண்டன் ஃபர்மின் போன்ற பெயர்கள் பிரசித்தம். அதனாலேயே போலியில் முதலில் குத்தப்படுவதும் அவைதான். அதிலும் ஸ்லைடரில் 'ஜே.ஆர். காண்ட் லண்டன்' என்று இருந்தால் இரண்டு தடவை லென்ஸ் வையுங்கள்.

துணி பேட்ச்சுக்கு வேறு சோதனை. இருட்டில் யு.வி. டார்ச் அடியுங்கள். பழைய பருத்தியும் கம்பளியும் மங்கலாகவே இருக்கும். நூல் நீலவெள்ளையாகப் பளிச்சென்று ஒளிர்ந்தால் அது பாலியெஸ்டராகவோ நவீன வெளுப்பு கலந்த நூலாகவோ இருக்கும். ஒன்று மட்டும் கவனம்: பழைய பேட்ச்சையே பிற்காலச் சோப்புத்தூளில் துவைத்திருந்தாலும் ஒளிரும். பின்பக்கம் திருப்பி நூல் முடிச்சுகளைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

படி 5: தேடும் இடம்

சிக்பேட் பக்கத்துச் சண்டே பஜாருக்கு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை போங்கள். வெயில் ஏறிய பிறகு போனால் சார்ஜர் வயரும் பழைய செருப்பும்தான் மிஞ்சும். 'மிலிட்டரி பேட்ஜ் இருக்கா' என்று கேட்டுக்கொண்டே போகாதீர்கள். கேட்ட நிமிடத்தில் விலை ஏறும், அடுத்த வாரம் போலியும் வந்து நிற்கும். பழைய பட்டன், பூட்டு, சாவி குவித்து வைத்திருப்பவரிடம் உட்கார்ந்து குவியலைக் கிளறுங்கள். சிவாஜி நகர்க் குஜிரி (பழைய சாமான்) கடைகளில் பித்தளை எடைக்கு வரும். உருக்கப் போவதற்கு முன்னால் பார்க்க வேண்டும். அங்கே ஒரு பாயிடம் மாதம் ஒரு தடவை டீ குடிக்கப் போவேன். "தம்பி, உங்க ஆளுங்க சாமான் ஒண்ணு எடுத்து வெச்சிருக்கேன்" என்று அவரே சொல்லுமளவுக்குப் பழக்கம். பத்து தடவையில் எட்டு தடவை ஸ்கவுட் பேட்ஜோ ரயில்வே பட்டனோதான் இருக்கும். அதையும் வாங்கிக்கொள்வேன். பழக்கத்துக்கு அதுதான் விலை. அவென்யூ ரோட்டுப் பழைய புத்தகக் கடைகளில் பேட்ஜ் கிடைக்காது, ஆனால் ரெஜிமென்ட் வரலாறும் பழைய குரூப் போட்டோவும் கிடைக்கும். போட்டோவில் தோள்களைப் பெரிதாக்கிப் பார்த்தால் எந்த எழுத்து எந்தச் சட்டையில் இருந்தது என்று தெரிந்துவிடும்.

எம்.இ.ஜி. சென்டருக்குள் சாப்பர்ஸின் அருங்காட்சியகம் இருக்கிறது. ராணுவ வளாகம் என்பதால் முன்கூட்டியே அனுமதி வாங்கி, அடையாள அட்டையோடு போக வேண்டும். வாங்குவதற்கு முன் கண்ணைப் பழக்க அதைவிட நல்ல இடம் ஊரில் இல்லை.

வீடுகளில் வாங்குவது தனி விஷயம். பென்ஷன் வாங்கும் பெரியவரின் வீட்டில் பெட்டியைத் திறக்கிறார்கள் என்றால், முதல் அரை மணி நேரம் பேட்ஜைத் தொடாதீர்கள். "ஐயா, எந்த கம்பெனியில இருந்தீங்க, எங்கெல்லாம் போனீங்க?" என்று கேளுங்கள், எழுதிக்கொள்ளுங்கள். பக்கத்தில் பேரப்பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்கும் கேட்கிற மாதிரி கேளுங்கள். பாதி நேரம் கதை கேட்ட பேரன், "தாத்தா, இதை விக்க வேணாம்" என்று சொல்லிவிடுவான். எனக்கு அப்படி மூன்று தடவை கைநழுவியிருக்கிறது. அதில் ஒன்று கண்டபேருண்டம். வருத்தம் இல்லை என்று சொன்னால் பொய்; ஆனாலும் அது இருக்க வேண்டிய இடம் அந்த வீடுதான். வீர விருது மெடல்களைக் குடும்பத்திடமிருந்து பிரித்து வாங்குவதில்லை என்பது என் கொள்கை.

படி 6: விலையும் ஏமாற்றமும்

விலைப் பட்டியல் எதையும் நம்பி இறங்காதீர்கள். நீங்கள் பார்த்த ஒவ்வொன்றின் கேட்ட விலை, முடிந்த விலை, நாள், இடம் என்று ஒரு வருடம் எழுதிப் பாருங்கள். அதுதான் உங்கள் பட்டியல்.

நான் மோசம்போன கதையையும் சொல்லிவிடுகிறேன். ஒரு ஞாயிறு, பர்மா காட்டுக்குள் புகுந்து சண்டை போட்ட சிண்டிட் படையின் சிங்கமும் பகோடாவும் (பர்மியப் புத்தர் கோயில்) போட்ட உலோக பேட்ஜ் ஒன்றைப் பார்த்தேன். வளையம், கறை, கனம் எல்லாம் பொருந்தியது. சிங்கத்தின் பின்னங்காலுக்குக் கீழே மட்டும் அரிசி முனை அளவு ஒரு கட்டி. 'பஜார் மேக், வார்ப்புக் குறை' என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு 4,000 ரூபாய் கொடுத்தேன். மூன்று வாரம் கழித்து வேறொரு கடையில் அதே சிங்கம் இரண்டு. இரண்டிலும் பின்னங்காலுக்குக் கீழே அதே அரிசி முனை. கையால் நேர்ந்த குறை ஒவ்வொன்றிலும் வேறு வேறு இடத்தில் இருக்கும். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வந்தால் அது அச்சின் குறை. மூன்றுக்கும் ஒரே தாய். அன்றிலிருந்து வாங்குவதற்கு முன் போட்டோ எடுத்து, கட்டி, கீறல், துளையை எல்லாம் மற்ற படங்களோடு ஒப்பிடாமல் பணத்தை எடுப்பதில்லை. ஆன்லைனில் வாங்கும்போதும் முதல் கேள்வி, "பின்பக்கப் படம் அனுப்புங்கள்" என்பதுதான். அனுப்பத் தயங்கினால் நானே விலகிவிடுவேன்.

அந்தப் போலி சிங்கத்தைத் தூக்கி எறியவில்லை. புதிதாக வருபவர்களின் கையில் முதலில் கொடுப்பது அதைத்தான்.

படி 7: சட்டம்

சேகரித்து வைப்பதில் தவறில்லை. குத்திக்கொண்டு திரிவதில்தான் வம்பு. ராணுவத்தான் என்று மற்றவர்கள் நம்ப வேண்டும் என்ற எண்ணத்தோடு சீருடையோ சின்னமோ அணிந்தால், பாரதிய நியாய சன்ஹிதாவின் 168ஆவது பிரிவில் மூன்று மாதம் வரை சிறை, 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே. இன்றைக்கு ராணுவத்தில் புழக்கத்தில் இருக்கும் சாமானைப் பணியில் இருப்பவரிடமிருந்து வாங்கவே வாங்காதீர்கள்.

நூறு வருடத்துக்கு மேல் பழையதாக, வரலாற்று மதிப்புள்ளதாக இருந்தால், 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்துக்குள் அது வந்துவிடும். அதைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பக்கூடாது. லண்டன்காரர் நல்ல விலை தருகிறேன் என்று மெயில் போட்டால் ஆசை வரும். முதல் உலகப்போர் சாமான்கள் எல்லாம் இப்போது அந்த எல்லையைத் தாண்டிவிட்டன என்பதை ஞாபகம் வையுங்கள்.

படி 8: தேய்க்காதீர்கள்

புளி, எலுமிச்சை, சாம்பல், பித்தளை பாலிஷ் எதுவும் வேண்டாம். பட்டாளத்தில் இருந்தவரை தினமும் தேய்த்தார்களே என்று கேட்பீர்கள். தேய்த்தார்கள், அந்தத் தேய்மானம் அதன் வரலாறு. நீங்கள் தேய்ப்பது அதை அழிப்பது. அந்தப் பழுப்பு நிறப் படலம்தான் உள்ளே இருக்கும் உலோகத்துக்குப் போர்வை.

செய்யக்கூடியது இவ்வளவுதான். காய்ந்த மென்மையான பிரஷால் தூசி தட்டுங்கள். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் டிஸ்டில்டு வாட்டரில் நனைத்த பஞ்சு, உடனே காயவைக்க வேண்டும். பச்சைக் களிம்பு பிடித்திருந்தால் பல் குத்தும் மரக்குச்சியால் லென்ஸ் வைத்துக்கொண்டு மெதுவாகச் சுரண்டலாம். இரும்பு ஊசி கூடாது. 1942 வாக்கில் பித்தளையை மிச்சம்பிடிக்க பிரிட்டனில் பிளாஸ்டிக்கில் பேட்ஜ் செய்தார்கள். அது கையில் கிடைத்தால் நெயில் பாலிஷ் ரிமூவர் போன்ற எதையும் அருகில் கொண்டுபோகாதீர்கள், கரைந்துவிடும்.

வைக்கும் இடம் முக்கியம். மெல்லிய பி.வி.சி. உறை சில வருடங்களில் பிசுபிசுத்து உலோகத்தைப் பச்சையாக்கும். பாலிப்ரொப்பிலீன் உறை வாங்குங்கள். ரப்பர் பேண்டில் கந்தகம் இருக்கிறது. வெள்ளிச் சரிகையில் பட்டால் கோடு போட்டாற்போல் கறுத்துவிடும். பெங்களூரில் ஜூன் முதல் அக்டோபர் வரை சுவரே வியர்க்கும், டப்பாவுக்குள் சிலிகா ஜெல் பொட்டலம் போட்டு மாதம் ஒரு தடவை மாற்றுங்கள். கம்பளிப் பேட்ச்சைப் பூச்சி அரிக்கும். இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை எடுத்து நிழலில் உதறி, இரண்டு பக்கமும் பார்த்து வையுங்கள். உடைந்த வளையத்தைப் புதிதாகப் பற்றவைக்கக் கொடுக்காதீர்கள். உடைந்தது உடைந்ததாகவே இருக்கட்டும்.

படி 9: பதிவேடு

ஒவ்வொன்றுக்கும் ஒரு எண், ஒரு அட்டை. முன்படம், பின்படம், எடை, அளவு, பிடிமானம், எங்கே, எப்போது, யாரிடம், என்ன விலை, என்ன கதை சொன்னார்கள், அதில் எது நிரூபணமானது. கடைசி இரண்டும் தனித்தனிக் கட்டத்தில் இருக்க வேண்டும். செங்கழுகு பேட்ச் ஒன்று என்னிடம் இருக்கிறது. கொடுத்தவர், "சுபேதார் சுப்பிரமணியன் கம்பெனி ஆளோடது" என்றார். 1944 பிப்ரவரியில் இத்தாலியில், கண்ணிவெடியின் மேல் தானே விழுந்து மற்றவர்களைக் காப்பாற்றி ஜார்ஜ் கிராஸ் என்ற வீர விருது பெற்ற மதராஸ் சாப்பர் அவர். எனக்கும் நம்ப ஆசைதான். 'சொன்ன கதை' கட்டத்தில் எழுதியிருக்கிறேன்; 'நிரூபணம்' கட்டத்தில் ஒரு கோடு மட்டும்.

எண் 1 தாத்தாவின் தோள் எழுத்து. முன்படத்தில் ஒன்றும் தெரியாது, அவ்வளவு வழவழப்பு. பழுது என்ற கட்டத்தில் 'இடது வளையம், ஈயப் பற்று' என்று எழுதியிருக்கிறேன். போன தீபாவளிக்கு ஊரிலிருந்து வந்த பெரியப்பா அட்டையை எடுத்துப் பார்த்துவிட்டு, "இது பட்டாளத்துல வெச்ச பற்று இல்லடா. பென்ஷன்ல வந்தப்புறம் அல்சூர் மார்க்கெட்ல ரேடியோ ரிப்பேர்க்காரன்கிட்ட வெச்சது, நான்தான் கூடப் போனேன்" என்றார். அட்டையில் அதைப் பென்சிலால் சேர்த்திருக்கிறேன்.